தாத்தாவின் கூத்துப் பதிவுகளை எஃப்எஃப்எம்பெக்கில் சேர்ப்பது எப்படி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சத்தியவேடு பக்கம் உங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் உங்கள் தாத்தா கடைசியாக அர்ச்சுனன் வேஷம் கட்டிய ராத்திரியை, கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் ஹேண்டிகேமில் விடிய விடிய எடுத்திருக்கிறார். 14 துண்டு எம்டிஎஸ் கோப்புகள், ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே, மொத்தம் 7 மணி நேரம். வீட்டில் இருப்பது லினக்ஸ் மின்ட் போட்ட பழைய லேப்டாப். துண்டுகளை ஒன்றாக்க வேண்டும், பாட்டை மட்டும் தனியாக எடுக்க வேண்டும், தபசு மரம் ஏறும் கட்டத்தை உறவுக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் 2 டிவிடியில் அடக்கித் தருகிறேன், அப்புறம் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்துகொள்ளலாம் என்றாராம். செய்யலாமா என்று கேட்டீர்கள்.

செய்யாதீர்கள். டிவிடி என்றால் படம் 720×576 அளவுக்கு இறங்கிவிடும், அதிலும் ஒரு தட்டில் மூன்றரை மணி நேரத்தைத் திணித்தால் தாத்தாவின் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். டிவிடி போட்டுப் பார்க்க ஆசை என்றால் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த 14 கோப்புகளை யார் சொன்னாலும் அழிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய மூன்று வேலையையும் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒரே நிரலால் வீட்டிலேயே செய்துவிடலாம், காசு கிடையாது.

இன்னொன்று. நீங்கள் ஸ்ரீசிட்டியில் ஷிப்ட்டில் இருக்கும்போது உங்கள் மாமாதான் லேப்டாப் முன் உட்காருவார், போனில் படித்துச் சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் கட்டளைகளை வாயால் படிக்கிற மாதிரி தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். மாமா டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும், கோடு இருக்கும் இடத்தில் மைனஸ், இடைவெளி இருக்கும் இடத்தில் இடைவெளி. நிரலின் பெயர் எஃப், எஃப், எம், பி, இ, ஜி என்று ஆறு எழுத்து. எம்டிஎஸ், எம்கேவி மாதிரிக் கடைசி ஒட்டும் ஆங்கிலத்தில்தான், ஆனால் கேமரா வைத்த பெயரில் எம்டிஎஸ் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், இருக்கிறபடியே அடிக்கச் சொல்லுங்கள், லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. நீங்களாக வைக்கும் கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். நடுவில் இடைவெளி மட்டும் விடாதீர்கள், அடிக்கோடு போடுங்கள். அப்படியும் இடைவெளி வந்துவிட்டால் பெயரை மேற்கோள் குறிக்குள் அடிக்க வேண்டும்.

நிறுவுவது இரண்டு வரி, ஆப்ட் என்பது மின்ட்டோடு வரும் நிரல் நிறுவும் கருவி:

சுடோ ஆப்ட் அப்டேட்

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் எஃப்எஃப்எம்பெக்

கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது அப்படித்தான், அடித்து என்டர் தட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் "எஃப்எஃப்எம்பெக் -வெர்ஷன்" என்று அடித்தால் பதிப்பு எண் வரும். மின்ட் 21 என்றால் 4.4, மின்ட் 22 என்றால் 6.1 என்று தொடங்கும். எதுவானாலும் உங்கள் வேலைக்குத் தாராளம், புதுசு வேண்டும் என்று மூல நிரலை இறக்கிக் கம்பைல் செய்ய உட்காராதீர்கள். ஸ்னாப் என்ற இன்னொரு நிறுவும் வழியிலும் கிடைக்கும், ஆனால் ஸ்னாப் நிரல்கள் வேலிக்குள் ஓடுபவை, வெளியே சொருகிய ஹார்ட் டிஸ்க்கைத் தொட தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கண் முன்னால் இருக்கிற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அது சொல்லும், மாமா குழம்பிப்போவார். ஆப்ட் போதும். நண்பர் யாராவது ஃபெடோரா என்ற வேறு லினக்ஸ் வைத்திருந்தால் அங்கே கதை வேறு, காப்புரிமைச் சிக்கலால் சில கோடெக்குகளை எடுத்துவிட்டு எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற பெயரில்தான் கொடுக்கிறார்கள், முழுசாக வேண்டும் என்றால் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து அதிலிருந்து எடுக்க வேண்டும்.

பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்கும்போது ஏவிகான்வ் என்று ஒரு கட்டளை கண்ணில் படும், அதை விட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய திட்டம் எஃப்எஃப்எம்பெக். 2011இல் உள்ளே சண்டை வந்து ஒரு கூட்டம் லிப்ஏவி என்று பிரிந்துபோனது, ஏவிகான்வ் அவர்களுடைய கட்டளை. மின்ட்டுக்கு அடித்தளமான டெபியனும் உபுண்டுவும் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போய்விட்டன. உபுண்டு 14.04 வெளிவந்தபோது ஆப்ட்டில் எஃப்எஃப்எம்பெக்கே கிடையாது, நான் அப்போது பட்ட பாடு கொஞ்சமில்லை. 2015இல் இரண்டுமே பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டன. ஏவிகான்வ் என்று எழுதியிருக்கும் பக்கம் அந்தக் காலத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம், இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எம்டிஎஸ், எம்பி4, எம்கேவி எல்லாம் பெட்டியின் பெயர். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் வேறு, அவற்றுக்கு எச்264, ஏஏசி, ஏசி3 என்று தனிப் பெயர்கள், கோடெக் என்கிறோமே அது. நம் சித்தூர்ப் பக்கத்து மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் கூடையில் இருந்த பழத்தை அட்டைப் பெட்டிக்கு மாற்றினால் பழம் அதே பழம். கூழ் ஆலைக்கு அனுப்பி டப்பாவில் அடைத்துவிட்டால், அதிலிருந்து திரும்பப் பழம் வராது. எஃப்எஃப்எம்பெக் இரண்டு வேலையும் செய்யும். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வெறுமனே உள்ளே ஒரு கோப்பும் வெளியே எம்பி4 பெயரும் கொடுத்தால் அது கூழாக்கத்தான் செய்யும், படத்தைப் பிரித்துத் திரும்பவும் சுருக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். "-சி காப்பி" என்று சொன்னால் மட்டும்தான் கூடை மாற்றும். 7 மணி நேரப் பதிவைக் கூடை மாற்ற உங்கள் லேப்டாப்பில் டிஸ்க் எழுதும் நேரம்தான் ஆகும். திரும்பச் சுருக்க உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க ஓடலாம், மறுநாளும் ஓடலாம்.

எனவே முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்குடன் எஃப்எஃப்ப்ரோப் என்று ஒரு சின்ன நிரலும் வந்திருக்கும். கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து டெர்மினலைத் திறந்துகொண்டு,

எஃப்எஃப்ப்ரோப் -ஹைட்_பேனர் 00001.எம்டிஎஸ்

என்று அடித்தால் நாலைந்து வரி வரும். ஸ்ட்ரீம் #0:0 என்று தொடங்கும் வரியில் வீடியோ, எச்264, அடைப்புக்குள் "டாப் ஃபர்ஸ்ட்" என்று இருக்கும், அப்புறம் 1440×1080, 25 எஃப்பிஎஸ். அடுத்த ஸ்ட்ரீமில் ஆடியோ, ஏசி3, 48000 ஹெர்ட்ஸ். 28 ஜிபியை 7 மணிக்கு, அதாவது 25,200 விநாடிக்கு வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 9 மெகாபிட் வருகிறது. அந்தக் காலத்து ஹேண்டிகேமின் நடுத்தர மோடில் இதுதான் வரும், அதனால்தான் 1920 இல்லாமல் 1440 இருக்கும் என்று நினைக்கிறேன். பயப்பட வேண்டாம், கேமரா அகலத்தை நெருக்கிப் பதிந்திருக்கிறது, பிளேயர் காட்டும்போது விரித்து 16:9 ஆக்கிவிடும். சில கேமராக்கள் தேதி, நேரத்தைச் சப்டைட்டில் மாதிரி மூன்றாவது ஸ்ட்ரீமாகவும் வைத்திருக்கும். அதையும் விட்டுவிடாதீர்கள், எந்த வருஷத்துத் திருவிழா என்று பிற்பாடு யாராவது தகராறு செய்தால் அதுதான் சாட்சி.

அந்த "டாப் ஃபர்ஸ்ட்" என்ற இரண்டு சொல்லைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் ஒற்றை வரிகள் ஒரு நொடித்துண்டு, இரட்டை வரிகள் அடுத்த நொடித்துண்டு என்று பின்னிப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், இன்டர்லேஸ் என்பார்கள். நடிகர் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பாவாடை விரிய அவர் சுழன்று ஆடுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள், விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து நிற்கும். இதைச் சரிசெய்யாமல் படத்தின் அளவைக் குறைத்தால் அந்தப் பல்லெல்லாம் ஒன்றோடொன்று குழைந்துவிடும், அப்புறம் எந்த மருந்தும் கிடையாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்ததில்லை. நான் ஊத்துக்கோட்டையில் பழைய டேப், கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றும் வேலை செய்கிறேன். தொடங்கிய புதிதில், நாகலாபுரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரின் மினிடிவி டேப் என்னிடம் வந்தது. ஒரு மணி நேர டேப் டிஸ்க்கில் ஏறினால் 13 ஜிபி. அப்போது என்னிடம் இருந்தது 160 ஜிபி டிஸ்க். இடம் போதவில்லை என்று அளவைக் குறைத்துச் சின்னதாக்கி, டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய கோப்பை அழித்துவிட்டேன். இன்டர்லேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்று வருஷம் கழித்து வாத்தியார் இறந்துபோனார், அவர் மகன் வந்து அப்பா ஆடியதைப் பெரிய திரையில் போட வேண்டும் என்றார். டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. என்னிடம் இருந்த கோப்பில் அவர் சுழலும் இடமெல்லாம் சேற்றில் கோலம் போட்ட மாதிரி இருந்தது. அந்த மகன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சேர்க்கும் வேலைக்கு வருவோம். சேர்க்கும் முன் 14 கோப்புகளையும் இன்னொரு டிஸ்க்கில் அப்படியே காப்பி எடுத்து வையுங்கள். அந்த டிஸ்க் அல்லது பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, துண்டுகள் ஏறும், சேர்த்த 28 ஜிபி கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்த டிஸ்க் வேண்டும். பிறகு மின்ட்டில் இருக்கும் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து ஒரு பட்டியல் எழுத வேண்டும், வரிக்கு ஒரு கோப்பு, இப்படி:

ஃபைல் '00001.எம்டிஎஸ்'
ஃபைல் '00002.எம்டிஎஸ்'

இதே மாதிரி 14 வரி, ஒற்றை மேற்கோள் குறியோடு. அதைப் பட்டியல்.டிஎக்ஸ்டி என்று அதே ஃபோல்டரில் சேமித்துவிட்டு,

எஃப்எஃப்எம்பெக் -எஃப் கான்கேட் -சேஃப் 0 -ஐ பட்டியல்.டிஎக்ஸ்டி -மேப் 0 -சி காப்பி கூத்து_முழுசு.எம்கேவி

மேப்புக்கும் சேஃபுக்கும் பின்னால் இருப்பது பூஜ்யம், ஓ எழுத்து இல்லை, போனில் சொல்லும்போது இதில்தான் தடுக்கும். "-ஐ" என்பது இன்புட், எது உள்ளே போகிறது என்று. "-சேஃப் 0" எதற்கு என்றால், இது இல்லாவிட்டால் பட்டியலில் சாதாரண ஆங்கில எழுத்து, எண் தவிர வேறு எழுத்தில் பெயர் இருந்தால் பாதுகாப்பில்லாத பெயர் என்று மறுத்துவிடும், துண்டுகளுக்குத் தமிழில் பெயர் மாற்றியிருந்தால் கட்டாயம் வேண்டும். "-மேப் 0" என்றால் உள்ளே இருக்கும் எல்லா ஸ்ட்ரீமையும் எடு என்று. அதைச் சொல்லாவிட்டால் வகைக்கு ஒன்று என்று அதுவே பார்த்து எடுத்துக்கொள்ளும். கட்டளையில் சொற்களின் வரிசை முக்கியம், "-ஐ"க்கு முன்னால் வருபவை உள்ளே போகும் கோப்புக்கு, பின்னால் வருபவை வெளியே வரும் கோப்புக்கு. மாற்றிப் போட்டால் பிழை வரும், அல்லது பிழை வராமல் வேறு எதையோ செய்துவைக்கும், இரண்டாவதுதான் மோசம்.

ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் மேலே எழுதட்டுமா என்று கேட்கும், ஒய் அடிக்காமல் என் அடிக்கச் சொல்லுங்கள். யாராவது எழுதிவைத்த கட்டளையில் "-ஒய்" இருந்தால் அது கேட்காமலே மேலே எழுதிவிடும், எடுத்துவிடுங்கள்.

சேர்ந்த கோப்பைத் திறந்து ஒவ்வொரு ஒட்டு இருக்கும் இடத்தையும், அதாவது அரை மணிக்கு ஒரு முறை வரும் இடத்தை, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கேமரா 2 ஜிபி ஆனதும் ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கிறது, நடுவில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், முகவீணை இழுத்த இழுப்பு இரண்டு கோப்பில் பாதிப் பாதியாக விழுந்திருக்கும். அந்த இடத்தில் டக் என்று ஒரு விக்கல் கேட்டால் பட்டியல் முறையை விட்டுவிட்டு இப்படிச் செய்யுங்கள்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ "கான்கேட்:00001.எம்டிஎஸ்|00002.எம்டிஎஸ்" -மேப் 0 -சி காப்பி கூத்து_முழுசு.எம்கேவி

நடுவில் இருப்பது நேர்க்கோடு, 14 பெயரையும் அப்படியே தொடர்ந்து எழுத வேண்டும். முதல் முறை ஒவ்வொரு துண்டையும் தனிப் படமாகத் திறந்து அடுத்தடுத்து வைக்கிறது. இது கோப்புகளைப் பைட்டு பைட்டாக நீட்டி ஒரே கயிறாக முறுக்குகிறது, கேமராவே நடுவில் அறுத்த பதிவுக்கு இதுதான் நன்றாக ஒட்டும். எம்டிஎஸ் வகைக்கு மட்டும் செல்லும், போனில் எடுத்த எம்பி4 கோப்புகளுக்கு இது ஆகாது. போன் வீடியோவைக் கேமரா வீடியோவோடு ஒரே கோப்பாக ஒட்டவும் முயலாதீர்கள், கோடெக்கும் அளவும் ஒத்திருந்தால்தான் நகல் முறையில் ஒட்டும், அவை தனிக் கோப்பாகவே இருக்கட்டும்.

முழுக் கோப்பும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, ராத்திரி படுக்கும் முன் போட்டுவிட்டுப் போகலாம்:

எஃப்எஃப்எம்பெக் -வி எரர் -ஐ கூத்து_முழுசு.எம்கேவி -எஃப் நல் -

கடைசியில் தனியாக ஒரு மைனஸ் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். இது முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்து எங்கும் எழுதாமல் விடும், தவறு இருந்தால் மட்டும் வரி வரும். காலையில் திரை காலியாக இருந்தால் நல்ல சேதி. ஒட்டு இருக்கும் இடங்களில் ஓரிரு வரி வந்தால் பதற வேண்டாம், அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தபசுக் கட்டத்தைத் தனியாக வெட்ட, அது எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, உதாரணமாக 3 மணி 12 நிமிடத்தில் தொடங்கி 20 நிமிடம் என்றால்,

எஃப்எஃப்எம்பெக் -எஸ்எஸ் 03:12:00 -ஐ கூத்து_முழுசு.எம்கேவி -டி 00:20:00 -சி காப்பி தபசு.எம்கேவி

நகல் முறையில் வெட்டும்போது கத்தி நினைத்த இடத்தில் விழாது, அதற்கு முன்னால் இருக்கும் முழுப் படச் சட்டத்தில்தான் விழும், அரை விநாடி ஒரு விநாடி முன்பின் ஆகும். அதனால் தாத்தா மரத்தடிக்கு வருவதற்குப் பத்து விநாடி முன்னாலிருந்தே வெட்டுங்கள். விருத்தம் தொடங்குவதற்கு முன்னால் ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பாரே, அது இல்லாமல் பாட்டு மொட்டையாகத் தொடங்கினால் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும்.

இப்போதுதான் கூழாக்கும் வேலை, வாட்ஸாப்புக்கான சின்னப் பிரதிக்கு மட்டும்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ தபசு.எம்கேவி -விஎஃப் பிடபிள்யூடிஐஎஃப்,ஸ்கேல்=1280:720,செட்எஸ்ஏஆர்=1 -சி:வி லிப்எக்ஸ்264 -சிஆர்எஃப் 23 -ப்ரீசெட் மீடியம் -பிக்ஸ்_எஃப்எம்டி ஒய்யுவி420பி -சி:ஏ ஏஏசி -பி:ஏ 128கே தபசு_சின்னது.எம்கேவி

நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைதான். பி, டபிள்யூ, டி, ஐ, எஃப் என்ற ஐந்தெழுத்து அந்தச் சீப்புப் பல்லைச் சரி செய்கிறது, அளவைக் குறைக்கும் ஸ்கேலுக்கு முன்னால் அது வந்தே ஆக வேண்டும், நான் அழித்தது இந்த வரிசை தெரியாமல்தான். அது விநாடிக்கு 25 படத்தை 50 ஆக்கித் தரும், சுழல் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும், யாடிஃப் என்று பழைய குறிப்புகளில் இருப்பதை விட எனக்கு இது பிடிக்கும். ஸ்கேல் படத்தை 1280×720க்குக் கொண்டுவந்து நெருக்கி வைத்திருந்த அகலத்தையும் நிரந்தரமாக விரித்துவிடுகிறது, இனி விரிக்க வேண்டியதில்லை என்று செட்எஸ்ஏஆர் குறித்துவைக்கிறது, இல்லாவிட்டால் சில போன்களில் தாத்தா ஒல்லியாகத் தெரிவார். சிஆர்எஃப் என்பதுதான் தரம். 0 முதல் 51 வரை, எண் ஏற ஏறத் தரம் இறங்கும், கோப்பும் சின்னதாகும், 6 கூட்டினால் அளவு ஏறத்தாழப் பாதியாகும். 23 சாதாரணமாக வைத்திருப்பது. பெட்ரோமாக்ஸ், குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த கூத்து என்றால் இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும், அந்த இரைச்சலையும் படம் என்று நினைத்து அது இடத்தைச் செலவழிக்கும், எனவே கோப்பு பெரிதாக வந்தால் 26 வைத்துப் பாருங்கள். முதலில் "-டி 00:01:00" சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஓட்டி, போனில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஓடும்போது கீழே ஸ்பீட் என்று ஒரு எண் மாறிக்கொண்டே இருக்கும், 0.5 என்றால் 20 நிமிடக் காட்சிக்கு 40 நிமிடம்.

எம்பி4 வேண்டும் என்றாயே, ஏன் எம்கேவி என்று மாமா கேட்பார். நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுகிறது, முடிவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கரண்ட் போனாலும், பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காதே, அத்தனையும் திறக்காத கோப்பாகிவிடும். எம்கேவி போன இடம் வரை ஓடும். முடிந்த பிறகு ஒரே நிமிடத்தில் கூடை மாற்றிக்கொள்ளலாம்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ தபசு_சின்னது.எம்கேவி -சி காப்பி -மூவ்ஃப்ளாக்ஸ் +ஃபாஸ்ட்ஸ்டார்ட் தபசு_சின்னது.எம்பி4

அந்த ஃபாஸ்ட்ஸ்டார்ட் அட்டவணையைத் தூக்கி முன்னால் வைக்கிறது, முழுசாக இறங்கும் முன்பே ஓடத் தொடங்கும். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை கசக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.

பாட்டை மட்டும் எடுப்பது மிகச் சுலபம். "-விஎன்" என்றால் வீடியோ வேண்டாம்.

எஃப்எஃப்எம்பெக் -ஐ கூத்து_முழுசு.எம்கேவி -விஎன் -சி:ஏ காப்பி கூத்து_ஒலி.எம்கேஏ

இதுதான் பத்திரப்படுத்த வேண்டியது. காரிலும் போனிலும் கேட்க எம்பி3 வேண்டும் என்றால் காப்பி என்ற இடத்தில் லிப்எம்பி3லேம், அப்புறம் "-க்யூ:ஏ 2", கோப்பின் கடைசியில் எம்பி3. வசனம் மெதுவாகவும் மிருதங்கம் காதைப் பிளக்கவும் இருக்கிறது, சமப்படுத்த முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். "-ஏஎஃப் லவுட்நார்ம்" என்று சேர்த்து, கூடவே "-ஏஆர் 48000" போட்டால் சமப்படும், அந்த இரண்டாவது இல்லாவிட்டால் சாம்பிள் எண்ணிக்கையைத் தேவையில்லாமல் ஏற்றிவைக்கும். ஆனால் அதைக் கேட்கும் பிரதிக்கு மட்டும் செய்யுங்கள். கூத்தில் ஏறுவதும் இறங்குவதும் அடிக்கிறவர் வேண்டுமென்றே செய்வது, திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளியே வரும் நேரத்தில் எழும் அந்த அடியை எல்லாவற்றோடும் சமமாக்கிவிட்டால் வருகையே போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துக்கு அது வேண்டியிருக்கிறது. உங்கள் அக்கா பிள்ளைகள் தெலுங்கு மீடியத்தில் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது, கூத்துப் பாட்டின் தமிழ் பாதி காதில் ஏறாது. பாட்டு வரிகளைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதி, ஒன்று தமிழிலும் ஒன்று தெலுங்கிலுமாக இரண்டு எஸ்ஆர்டி கோப்பு, அதாவது எந்த வரி எந்த நேரத்தில் வரும் என்று குறித்த சப்டைட்டில் கோப்பு, செய்துவிட்டால் ஒரே வீடியோவுக்குள் இரண்டையும் வைக்கலாம், பார்க்கிறவர் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வார்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ தபசு.எம்கேவி -ஐ தமிழ்.எஸ்ஆர்டி -ஐ தெலுங்கு.எஸ்ஆர்டி -மேப் 0:வி -மேப் 0:ஏ -மேப் 1 -மேப் 2 -சி காப்பி -மெட்டாடேட்டா:எஸ்:எஸ்:0 லாங்குவேஜ்=டிஏஎம் -மெட்டாடேட்டா:எஸ்:எஸ்:1 லாங்குவேஜ்=டிஇஎல் தபசு_வரிகளோடு.எம்கேவி

இதிலும் படத்தைத் தொடவில்லை பாருங்கள், கூடைக்குள் இரண்டு காகிதம் சேர்த்து வைக்கிறோம், அவ்வளவுதான். எழுத்தைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதிக்க வேண்டும் என்றால் "-விஎஃப் சப்டைட்டில்ஸ்=தமிழ்.எஸ்ஆர்டி" இருக்கிறது, அதற்குத் திரும்பச் சுருக்கித்தான் ஆக வேண்டும், எனவே சின்னப் பிரதிக்கு மட்டும், பிடபிள்யூடிஐஎஃப்புக்கும் ஸ்கேலுக்கும் பின்னால் சேர்த்து. ட்ராடெக்ஸ்ட் என்று இன்னொரு வழியைப் பல இடங்களில் சொல்வார்கள். பழைய பதிப்புகளில் அது தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் உடைத்துவிடும், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், "கொ" என்பது மூன்று துண்டாகக் கிடக்கும். சப்டைட்டில்ஸ் வழியில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற பொதியை ஆப்ட்டில் நிறுவச் சொல்லுங்கள், அதில் தமிழும் தெலுங்கும் இரண்டும் இருக்கின்றன.

பாட்டு வரிகளை எழுதும் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தாத்தாவோடு பின்பாட்டு பாடியவர்கள் யாராவது ஊரில் இருந்தால் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து ஓட்டுங்கள், இரைச்சலில் நமக்குக் கேட்காத சொல் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

மாமா முதலில் அந்த எஃப்எஃப்ப்ரோப் வரியை மட்டும் ஓட்டி, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். 14 கோப்பில் ஏதாவது ஒன்று வேறு அளவில் இருந்தாலோ "டாப் ஃபர்ஸ்ட்" இல்லாமல் "ப்ரோக்ரஸிவ்" என்று இருந்தாலோ கட்டளை மாறும், அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.